தலைவலி நின்ற பிறகு

கண்ணாடிப் புட்டியை ஒழுங்காக மூடத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஒரு திருகு திருகிவிட்டு, மூடியாயிற்று என்று அலமாரியில் வைத்துவிடுவார்கள். அரைத் திருகு பாக்கி இருக்கும். செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்து அறையில் ஐந்து வருடமாக ராத்திரி டியூட்டி பார்க்கிறேன். பகலில் இருப்பவர்கள் விட்டுப்போன அந்த அரைத் திருகுகளைத் தினமும் நான்தான் முடித்து வைக்கிறேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. யாரும் கவனித்ததும் இல்லை.

இதை எழுதிக் கொடுப்பதற்குக் காரணம், வாயால் சொன்னபோது நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு முறை போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். முதல் முறை உங்கள் எழுத்தர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் முறை, "பெரியப்பா போன துக்கம்பா ஒனக்கு. நைட் டூட்டி ஒடம்பு வேற. வூட்டுக்குப் போய் நல்லா தூங்கு" என்றார். நல்ல மனிதர். ஆனால் நான் சொன்னதைக் கேட்கவில்லை. ஆகவே மூன்றாவது முறையாக, வரிசையாக எழுதுகிறேன். படித்த பிறகாவது எனக்குத் தூக்கம் தேவை என்று சொல்லமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

என் பெயர் பன்னீர்செல்வம். வயது இருபத்தாறு. மாமல்லபுரத்துக்கு வடக்கே, திருவிடந்தை போகிற வழியில் இருக்கும் குப்பம் எங்களுடையது. என் அப்பா எனக்கு ஆறு வயதாக இருந்தபோது கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வளர்த்தவர் அப்பாவின் அண்ணன் லட்சுமணன். எங்கள் குப்பத்தின் நாட்டார் அவர்தான். வலை எந்த நாளில் இறங்கலாம், சண்டையில் யார் பக்கம் நியாயம், திருவிழாவில் கரகம் யார் தலையில் என்பதெல்லாம் அவர் வாயால்தான் முடிவாகும். இறந்துபோனவர் அவர்தான். இதய நோயால் இறந்தார் என்று நீங்களும் டாக்டரும் ஊரும் சொல்கிறீர்கள். அது தப்பில்லை. பாதி சரி.

மீதிப் பாதியைச் சொல்ல, நான் கல்லூரியை விட்டு வந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் குப்பத்திலிருந்து பட்டணம் போய்க் கல்லூரியில் சேர்ந்த முதல் ஆள் நான். மருந்தாளுநர் படிப்பு. இரண்டாம் வருடம் வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர், நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். சொன்னேன். ரத்தக் குழாயின் சுவரில் ஒரு தசை இருக்கிறது. அது இறுகினால் குழாய் சுருங்கும், தளர்ந்தால் விரியும். இந்த மருந்து அந்தத் தசையைத் தளர்த்துகிறது. முக்கியமாக உடம்பிலிருந்து இதயத்துக்குத் திரும்பி வரும் குழாய்கள் விரிகின்றன. ரத்தம் கை கால்களில் கொஞ்சம் தங்கிவிடுகிறது. இதயத்துக்கு வந்து சேரும் சுமை குறைகிறது. வலி விடுகிறது.

"தசை எப்படித் தளர்கிறது?" என்றார்.

"அது யாருக்கும் தெரியாது சார்" என்றேன்.

"புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது?"

"நேரடியாகத் தளர்த்துகிறது என்று போட்டிருக்கிறது. தெரியாது என்பதைத்தான் அப்படிப் போட்டிருக்கிறார்கள்."

அந்த வார்த்தையை மட்டும் சொல்லச் சொன்னார். நேரடியாக. ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் பாஸ். நான் சொல்லவில்லை. நூறு வருடமாகக் கொடுக்கிற மருந்து, எப்படி வேலை செய்கிறது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதைத் தெரியாது என்று சொன்னவன் ஃபெயில். அந்த அறையிலிருந்து நேராக விடுதிக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். பெரியப்பா எதுவும் திட்டவில்லை. "கெடக்கட்டும் வுடு. கடல் எங்கயும் ஓடிப்போவல" என்றார். எனக்குக் கடல் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் அவரே செங்கல்பட்டுக்கு வந்து, மருத்துவமனை டாக்டர் பாலசுப்ரமணியனைப் பார்த்து, இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்மேல் எனக்குப் பகை இருந்ததில்லை.

எழுபத்து நான்காம் வருடம் ஐப்பசியில் அவருக்கு முதல் வலி வந்தது. கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் அழைத்து வந்து டாக்டரிடம் காட்டினேன். டாக்டர் எழுதியது அதே மாத்திரை. நான் ஃபெயிலான மாத்திரை.

புட்டியைக் கொடுத்தபோது இதைப் பற்றி அவருக்குச் சொன்னேன். இதே சரக்கைத்தான் வேறு விதமாகச் சேர்த்து, மலை உடைக்கிற வெடியில் வைக்கிறார்கள் என்றும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் கல்குவாரி வெடித் தோட்டாவைக் கடலில் போட்டு மீன் பிடிக்கிறவர்கள் உண்டு. ஒரே நாளில் குப்பம் முழுவதும் செய்தி பரவிவிட்டது. காத்தவராயன் என்று ஒருவன், என் வயது, கடலுக்குப் போகிறவன். அவன் பெரியப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் நாலடி தள்ளி நின்று, "இன்னா நாட்டாரே, வாயில தோட்டா கீதாமே. கொட்டாவி கிட்டாவி வுட்டுறாத, கரையே எகிறிடும்" என்பான். பெரியப்பா சிரிப்பார். நானும் சிரித்தேன்.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. நாக்கின் அடியில் வைத்தால் சுருக்கென்று இருக்கும். இரண்டு நிமிடத்தில் வலி போய்விடும். ஆனால் கூடவே தலைவலி வரும். தலையிலுள்ள குழாய்களும் விரிகின்றன, அதனால். "நெஞ்ச வுட்டுட்டு தலைய புடிச்சிகினுது. பேஜாரு புடிச்ச மருந்துடா இது" என்பார். தலைவலிதான் மருந்து உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம் என்று சொல்லி வைத்தேன். அவர் தலையை ஆட்டினார். தலைவலியோடு இருந்ததால் ஆட்டினாரோ என்னவோ.

அடுத்த சித்திரையில் ஒரு மாற்றம் செய்தார். கட்டுமரத்தில் போகிறவர்களுக்குச் சட்டை கிடையாது, பை கிடையாது. கோவணமும் அரைஞாண் கயிறும்தான். கண்ணாடிப் புட்டியை மரத்தில் வைத்தால் உடையும், அல்லது அலை கொண்டுபோகும். எனவே தையல் ஊசி போட்டு விற்கிறார்களே, விரல் நீளப் பிளாஸ்டிக் குழல், அதில் பத்து மாத்திரையைப் போட்டு, வாயை மெழுகுவர்த்தி மெழுகால் அடைத்து, தாயத்துக்குப் பக்கத்தில் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். தண்ணீர் புகாது. உடையாது. வலி வந்தால் பல்லால் மெழுகைக் கடித்துத் துப்பிவிட்டு மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம். குப்பமே மெச்சியது. கடலை மட்டுமே யோசித்துச் செய்தால் இதைவிட நல்ல வழி கிடையாது.

எங்கள் ஊரில் இன்னொரு வழக்கம் உண்டு. இடுப்பில் கட்டுவதை அம்மன் முன்னால் வைத்துக் கட்டுவார்கள். முதலில் கட்டியவர் கைதான் பிறகும் கட்ட வேண்டும். வேறு கை படக்கூடாது. பெரியப்பா, "மருந்து ஒன் கையால வந்துது, நீயே கட்டு" என்றார். அமாவாசையன்று எங்கள் குப்பத்தில் வலையை நனைக்க மாட்டார்கள், எல்லோரும் கரையில் இருப்பார்கள். ஆகவே அமாவாசைக்கு அமாவாசை நான் டியூட்டி முடித்து, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து, மாமல்லபுரத்தில் இறங்கி மணலில் நடந்து போய், பழைய குழலை அறுத்துவிட்டுப் புதிதாக நிரப்பிய குழலைக் கட்டிவிட்டு வருவேன்.

இரண்டு மாதத்தில் அவருக்குத் தலைவலி நின்றுவிட்டது.

அவருக்கு அதில் இருந்த மகிழ்ச்சியை நான் சொல்லி முடியாது. கோயிலுக்கு ஒரு தேங்காய் கூடுதலாக உடைத்தார். "ஆத்தா எடுத்துகினாடா. நெஞ்சு நோவுக்கு மருந்து, தல நோவுக்கு ஆத்தா" என்றார். எனக்கு வேறு ஒன்று நினைவுக்கு வந்தது. மருந்து நிறுவன ஆள் ஒருவர் விட்டுப்போன வெளிநாட்டுப் பத்திரிகையில் நாலு வரிச் செய்தி ஒன்றை நான் முன்பே படித்திருந்தேன். இந்த மாத்திரையை பிளாஸ்டிக்கில் வைத்தால் மருந்து மெல்ல ஆவியாகி பிளாஸ்டிக்குக்குள் போய்விடுகிறது, சூடு பட்டால் இன்னும் சீக்கிரம் போகிறது, கண்ணாடியில் மட்டும் வைக்க வேண்டும் என்று. பெரியப்பாவின் குழல் பிளாஸ்டிக். அது இருந்த இடம் அவருடைய உடம்புச் சூடு.

அடுத்த அமாவாசையில் அவர் இடுப்பிலிருந்து அறுத்த குழலைச் செங்கல்பட்டுக்கு எடுத்து வந்தேன். மருந்து அறையில் உட்கார்ந்து அதிலிருந்த மாத்திரையை என் நாக்கின் அடியில் வைத்தேன். சுண்ணாம்புத் தூள் போலக் கரைந்தது. ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடிப் புட்டியிலிருந்து ஒன்று. நாக்கு சுருக்கென்றது. முகம் சூடானது. இரண்டு நிமிடத்தில் இரண்டு நெற்றிப் பொட்டும் தெறித்தன. இதைவிடத் தெளிவான நிரூபணம் கல்லூரியில்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

காலையில் வந்த டாக்டரிடம் சொன்னேன். "தலைவலி நின்றுவிட்டதா? நல்லது. உடம்பு பழகிவிட்டது" என்றார். பழகுவதும் உண்டு, அது உண்மைதான். நான் பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொன்னேன். நாலு வரிச் செய்தியைக் காட்டினேன். அவர் பத்திரிகையை வாங்காமல், "பன்னீர், எழுதுவது என் வேலை, எடுத்துக் கொடுப்பது உன் வேலை. இரண்டும் சரியாக நடக்கிறது" என்றார்.

ஆடி அமாவாசையன்று குப்பத்தில் வலைக் கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கேயே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எல்லோர் முன்னாலும் சொன்னால் மறுக்கமாட்டார் என்பது என் கணக்கு.

"பெரிப்பா, இத கண்ணாடிலதான் வெக்கணும். பிளாஸ்டிக் மருந்த குடிச்சிடுது."

"இன்னாது, பிளாஸ்டிக் மருந்து குடிக்குதா? அதுக்கும் நெஞ்சு நோவா?"

கொட்டகை சிரித்தது. காத்தவராயன், "அத்த எந்த டாக்டராண்ட காட்டினாங்களாம் மச்சான்?" என்றான்.

"வெளையாட்டில்ல பெரிப்பா. புட்டிய பெரிம்மாகிட்ட குடுத்துட்டுப் போ."

"கடலுக்குள்ள நோவு வந்தா ஒங்க பெரிம்மா நீஞ்சிகினு வருவாளா? கண்ணாடிய இடுப்புல கட்டிகினு மரத்துல குந்தினா இன்னா ஆவும், நீயே சொல்லு. நெஞ்சு பொழச்சிக்கும், வேற எடத்துல கிழிஞ்சிடும்."

மறுபடியும் சிரிப்பு. நான் விடவில்லை. தலைவலி நின்றது நல்லதற்கு இல்லை, மருந்து செத்துவிட்டது, தலை நொந்தால்தான் மருந்து என்றேன். அவர் கண்ணி போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. என்மேல் இரக்கப்பட்டுத்தான் பார்த்தார்.

"நோவு வந்தாத்தான் மருந்தா? எந்த ஊரு படிப்புடா இது? பாதி படிச்சவன் பேச்ச பாதி கேட்டா போதும், போ. போய் நாஸ்தா துன்னு."

அவ்வளவுதான் சொன்னார். அவர் அதை மறந்தும் போயிருப்பார். காத்தவராயன் மறக்கவில்லை. அதன் பிறகு நான் எதைச் சொன்னாலும், மழை வரும் என்று சொன்னால்கூட, "பாதி மழை வரும்ன்றான் கம்பவுண்டரு" என்பான். பெரியம்மா ஜெகதாம்பாளும், எனக்குச் சோறு போட்டு வளர்த்தவள், ஒருநாள் சிரித்துக்கொண்டே, "பாதி வயிறு துன்னா போதுமாடா ஒனக்கு?" என்றாள்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும்.

ஒரு மனிதனுக்கு வார்த்தையால் புரியவில்லை என்றால் காட்டிப் புரியவைக்க வேண்டும். பெரியப்பாவுக்கு வலி வர வேண்டும். குழலில் இருக்கும் மாத்திரையைப் போட வேண்டும். அது கேட்கக் கூடாது. எல்லோரும் திகைத்து நிற்கும்போது நான் சட்டைப் பையிலிருந்து கண்ணாடிப் புட்டியை எடுத்து ஒன்றைக் கொடுக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் அவர் எழுந்து உட்கார வேண்டும், தலையைப் பிடித்துக்கொண்டு. அதற்குப் பிறகு நான் ஒரு வார்த்தையும் பேச வேண்டியிருக்காது. அவர் வாழ்நாள் முழுவதும் கண்ணாடிப் புட்டியில் மருந்து வைத்துக்கொள்வார். இன்னும் பத்து வருடம் இருப்பார். இது அவருக்காகவே நான் யோசித்தது.

அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. குழலில் இருக்கும் மாத்திரை நிச்சயமாகக் கேட்கக் கூடாது. பாதி கேட்டால் எல்லாம் வீண். புதிதாக நிரப்பிய குழலில் முதல் சில நாள் கொஞ்சம் மருந்து மிஞ்சியிருக்கும். ஆகவே நிரப்பப் போகும் மாத்திரைகளை முன்கூட்டியே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மருத்துவமனையில் ஊசிகளை வேகவைக்கிற அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் ஒரு மாதம் வைத்திருந்தேன். குழலில் போடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் இரண்டை நானே நாக்கின் அடியில் வைத்துப் பார்த்தேன். தலை வலிக்கவில்லை என்றால்தான் போட்டேன். ஒருமுறை லேசாக வலித்தது. அந்த டப்பாவைத் தள்ளிவிட்டு வேறு டப்பாவிலிருந்து போட்டேன். மருந்து வேலையில் கவனம் முக்கியம்.

ஆவணியிலிருந்து மாசி வரை ஏழு அமாவாசை. ஏழு முறை நான் அவர் முன்னால் மணலில் மண்டியிட்டு, அவர் வேட்டியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, செத்த மாத்திரைகளை அவர் இடுப்பில் கட்டினேன். ஒவ்வொரு முறையும் முடிச்சைப் போட்டதும் என் தலையில் கை வைப்பார். அது எங்கள் வழக்கம்.

என் திட்டம் எளிதானது என்று நினைத்தேன். அது என்னை அலைக்கழித்த விதம் உங்களுக்குப் புரியாது. புரட்டாசி அமாவாசையன்று, மீன் ஏலம் போடும் இடத்தில் ஊர்க்கூட்டம் நடந்தபோது அவருக்கு வலி வந்தது. முப்பது பேர் இருந்தார்கள். நானும் இருந்தேன், புட்டியும் பையில் இருந்தது. அவர் உட்கார்ந்தார், மெழுகைக் கடித்துத் துப்பினார், மாத்திரையை வைத்தார். ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டார். இந்த வலி உட்கார்ந்து ஓய்வெடுத்தாலே பலமுறை போய்விடும். மாத்திரை வெறும் மாவு. அவர் மாவைத் தின்றுவிட்டு, "கேட்டுச்சிடா. செல்வம் கையி ராசிக் கையி" என்று எல்லோரிடமும் சொன்னார். கார்த்திகையில் கோயில் வாசலில் அதே மாதிரி. தையில் அதே மாதிரி. செத்த மருந்தை வைத்துக்கொண்டு அந்த ஆள் மூன்று முறை பிழைத்தார். பிழைத்தது மட்டுமா, அதற்கு எனக்கு நன்றி வேறு. நான் சரியாகச் சொன்னபோது சிரித்த ஊர், நான் மோசம் செய்தபோது என்னைப் பாராட்டியது. காத்தவராயன்கூட, "நீ முழுசா படிச்சிருந்தா இந்நேரம் நாட்டாருக்கு எறக்கையே மொளச்சிருக்கும்" என்றான். மருத்துவமனைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். துக்கம் இல்லை அது. எரிச்சல்.

மாசி அமாவாசை. காலை பத்து மணிக்கு நான் புதுக் குழலைக் கட்டினேன். பத்தரைக்குக் கரையை ஒட்டி நெத்திலி கும்பலாக வந்துவிட்டது. தண்ணீர் கறுத்துத் தெரிந்தது. அமாவாசையன்று வலை நனையக் கூடாது. எல்லோரும் நாட்டார் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கடலைப் பார்த்துவிட்டு, "தேடிகினு போனாத்தான் தப்பு. அது நம்மள தேடிகினு வந்து கீது. எறக்குங்கடா" என்றார். ஊரே கரைவலையை எடுத்துக்கொண்டு ஓடியது. இவரும் ஓடினார். கயிற்றைப் பிடித்து நாலு இழுப்பு இழுத்தார். பிறகு யாரிடமும் சொல்லாமல் கயிற்றை விட்டுவிட்டு, நான் உட்கார்ந்திருந்த வலைக் கொட்டகைக்குத் திரும்பி வந்தார். நடந்து வந்த விதத்திலேயே தெரிந்தது, இது ஓய்வெடுத்தால் போகிற வலி இல்லை.

கொட்டகைக் காலில் சாய்ந்து உட்கார்ந்தார். மெழுகைக் கடிக்கப் பல்லுக்கு வலுவில்லை. நானே உடைத்துக் கொடுத்தேன். ஒன்று வைத்தார். முகமெல்லாம் வியர்வை. இன்னொன்று கொடுத்தேன். மூன்றாவது. இடது கை மணலைப் பிடித்துப் பிடித்து விட்டது.

நான் புட்டியை எடுத்து மூடியைத் திருகித் திறந்து தயாராக வைத்துக்கொண்டேன். பிறகு கடல் பக்கம் பார்த்தேன். எண்பது அடி தூரத்தில் ஊர் முழுவதும் இருந்தது. கரைவலை இழுக்கிறவர்கள் கடலைப் பார்த்தபடி பின்னால் நடந்து இழுப்பார்கள். அத்தனை பேர் முதுகும் எங்கள் பக்கம். வலை இழுக்கிற ஏலேலோ பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

வீடுகளின் பக்கம் பார்த்தேன். பெரியம்மா தலையில் கூழ்ப் பானையோடு வந்துகொண்டிருந்தாள். அவள் போதும் என்று நினைத்தேன். அவள் பார்த்துச் சொன்னால் ஊர் நம்பும். நூறு தப்படி இருக்கும்.

அப்போது பெரியப்பா பேசினார். மூச்சு விட்டு விட்டு வந்தது.

"செல்வம். இது கேக்கலடா. நீ சொன்னியே, கண்ணாடி. அது வெச்சிகினு கீறியா?"

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அவர் ஒத்துக்கொண்டார். நான் சொன்னது அவர் மனதில் அத்தனை மாதமும் இருந்திருக்கிறது. ஆனால் அதை என்னிடம் மட்டும், எனக்கே பாதி கேட்காத குரலில் சொன்னார். சிரித்தபோது பதினைந்து பேர் முன்னால் சிரித்தவர்.

"கொஞ்சம் இரு பெரிப்பா" என்றேன். "பெரிம்மா வந்துகினே கீறாங்க."

அவர் என் கையிலிருந்த புட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். புட்டியை வாங்க ஒரு கையை நீட்டினார், அது முழங்காலுக்கு மேல் எழவில்லை. நான் பெரியம்மாவைப் பார்த்தேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த கன்னியம்மா அவளை நிறுத்தி என்னவோ கேட்டாள். பெரியம்மா பானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்று பதில் சொன்னாள். ஏதோ சிரித்தாள். நான் உள்ளுக்குள் எண்ண ஆரம்பித்தேன். எழுபது வரை எண்ணியபோது அவள் மறுபடியும் நடந்தாள். நூற்றுப் பத்தில் பெரியப்பாவின் கை மணலைப் பிடிப்பதை நிறுத்தியது.

கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அடுத்து நான் செய்ததை உங்கள் எழுத்தரிடம் சொன்னபோதுதான் அவர் பேனாவை மூடினார். புட்டியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து என் நாக்கின் அடியில் வைத்தேன். அதற்குக் காரணம் உண்டு. அந்தப் புட்டி ஆறு மாதமாக என் பையில் இருந்தது. பஸ்ஸின் சூடு, உடம்புச் சூடு. அதுவும் செத்திருக்கலாம். செத்திருந்தால் நான் கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான். அப்போது என்மேல் குற்றம் இல்லை. எது என்று தெரியாமல் இருக்க என்னால் முடியாது.

நாக்கு சுருக்கென்றது. முகம் சூடானது. பெரியம்மா கொட்டகைக்குள் நுழைந்தபோது இரண்டு பொட்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு தலைவலி எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

"இன்னாடா, இவுரு தூங்கறாரா? நீ ஏன்டா தலய புடிச்சிகினு கீற?"

"தல நோவுது பெரிம்மா."

"நைட்டு முழுக்க கண்ணு முழிச்சா நோவாதா? இந்தா, மொதல்ல கூழு குடி. அப்பறம் அவுர எழுப்பலாம்."

குவளையை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். அவர் எழுந்திருக்கமாட்டார் என்று குடித்து முடித்த பிறகுதான் சொன்னேன்.

இதுதான் நடந்தது. எழுபத்தாறாம் வருடம் மாசி அமாவாசையன்று, லட்சுமணன் என்பவரைப் பிழைக்க வைக்கக்கூடிய மருந்தைத் திறந்த புட்டியோடு கையில் வைத்துக்கொண்டு, அவர் கேட்டும், நான் கொடுக்கவில்லை. அதற்கு முன் ஏழு மாதம் நான் தெரிந்தே அவருக்குச் செத்த மருந்து கட்டினேன். புட்டியை இதோடு இணைத்திருக்கிறேன். மூடி முழுவதும் திருகியிருக்கிறது. உள்ளே இன்னும் இருபத்திரண்டு இருக்கின்றன. நம்பிக்கை இல்லாவிட்டால் யாராவது ஒருவர் நாக்கின் அடியில் ஒன்றை வைத்துப் பார்க்கலாம், தலை வலிக்கும். அந்த நாலு வரிச் செய்தி வந்த பக்கத்தையும் கிழித்து வைத்திருக்கிறேன். டாக்டர் பாலசுப்ரமணியனிடம் அவசியம் காட்டவும்.

பெரியம்மாவின் பெயரை வழக்கில் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவளுக்கு வயதாகிவிட்டது, தெரிந்து செய்ததில்லை. ஆனால் உண்மை என்று கேட்டால் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு அவள் வழியில் நிற்காமல் வந்திருந்தால், பெரியப்பா இன்று உயிரோடு இருந்திருப்பார்.